வயிற்றின் வழியே, பாட்டின் வழியே

திருமங்கையாழ்வார் கடவுளைத் தேடிப் புறப்பட்டவர் அல்லர். வைணவ குருபரம்பரை சொல்லும் கதையில் அவர் திருவாலி நாட்டுக் குறுநிலத் தலைவன், சோழனுக்குக் கப்பம் கட்டுபவன், குமுதவல்லி என்ற பெண்மேல் ஆசை கொண்டவன். அவள் இரண்டு நிபந்தனைகள் வைத்தாள். அவன் முறைப்படி வைணவன் ஆக வேண்டும். ஓராண்டுக் காலம் நாள்தோறும் 1008 அடியார்களுக்கு அமுது படைக்க வேண்டும். பெண்ணை அடையும் ஆசையில் ஒப்புக்கொண்டான். கப்பப் பணம் சோறாகிக் கரைந்தது. கையில் காசு தீர்ந்தபின் வழிப்பறியில் இறங்கினான். திருமால் மணக்கோலத்தில் அவ்வழி வர, நகைகளையெல்லாம் பறித்துக் கட்டிய மூட்டையைத் தூக்க முடியாமல் திணறி, “என்ன மந்திரம் போட்டாய்?” என்று வாளை ஓங்கிக் கேட்டான். அவன் காதில் எட்டெழுத்து விழுந்தது. அதன்பின் அவன் வாயிலிருந்து பாட்டு வந்தது. பெரிய திருமொழி மட்டும் 1084 பாசுரம். முதலில் ஒரு பெண்மேல் காதல், அடுத்து ஊருக்குச் சோறு, கடைசியில் பாட்டு என்ற இந்த வரிசையைக் கட்டியவர்கள் எதையோ தெரிந்துதான் கட்டியிருக்கிறார்கள். தவம், துறவு, சாத்திரப் பயிற்சி எதுவும் இல்லாத ஒருவனை ஆழ்வார்களில் ஒருவனாக உட்கார வைப்பதற்கு ஒரு சமயத்துக்குத் துணிச்சல் வேண்டும்.

உணவும் காதலும் கலையும் மனிதனைக் கடவுளிடம் கொண்டுசெல்லும் என்று சொல்வது எளிது. ஏன் கொண்டுசெல்லும் என்று கேட்டால் வழக்கமாக வரும் விடை, அவை இனிமையானவை, கடவுளும் இனிமையானவர், சிறிய இனிமையிலிருந்து பெரிய இனிமைக்குப் போகலாம் என்பது. இந்த விடை எனக்குப் போதவில்லை. இனிமை மட்டுமே போதுமென்றால் விருந்து மண்டபங்கள் எல்லாம் கோயிலாகியிருக்கும். நான் சொல்ல வருவது வேறு. ‘நான்’, ‘எனது’ என்ற பிடி மனிதனிடம் மிக இறுகியிருக்கும் மூன்று இடங்கள் வயிறு, ஆசை, திறமை. என் பசியை இன்னொருவர் உணர முடியாது. என் காதல் ஒருவரை மட்டும் எனக்கென்று கேட்கிறது. என் கலை என் பெயரைச் சொல்லிப் புகழ் கேட்கிறது. பிடி எங்கே இறுகியிருக்கிறதோ அங்கேதான் அது தளரவும் வேண்டும்; மற்ற இடங்களில் தளர்ந்தாலும் பெரிய மாற்றம் நடக்காது. அடியார்களுக்குச் சோறு போடுவதும், காதலில் தன்னை இழப்பதும், பாடும்போது பாடுகிறவன் மறைவதும் கடவுளுக்கு வழியாவது அதனால்தான். புலன்களைப் பூட்டி வைப்பவன் அந்தப் பிடியை உள்ளேயே வைத்துப் பூட்டிவிடுகிற ஆபத்தும் இருக்கிறது. இத்தனை நாள் பட்டினி கிடந்தேன் என்று கணக்குச் சொல்லும் விரதக்காரரிடம் ‘நான்’ பசியில்லாமல் நன்றாகவே வளர்ந்திருக்கும்.

சைவ சித்தாந்தம் இதைத் தத்துவமாகவே சொல்லியிருக்கிறது. உயிரை மறைத்திருப்பது ஆணவம். உடல், மனம் முதலிய கருவிகள், உலகம், நுகர்ச்சி ஆகிய நான்கையும், அதாவது சித்தாந்திகள் தனு, கரணம், புவனம், போகம் என்று வரிசைப்படுத்துபவற்றை, இறைவன் மாயையிலிருந்து உயிருக்குத் தருகிறான். தண்டனையாகத் தருவதில்லை, ஆணவ இருளில் கொஞ்சமாவது கண் தெரியட்டும் என்று தருகிறான். விடியும்வரை இருட்டில் ஏற்றிவைத்த விளக்கு என்பது அவர்கள் சொல்லும் உவமை. உலகமே பொய், உடலே பகை என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. ஆனால் அந்த உவமையே என் வாதத்துக்கு எதிராக ஒரு கேள்வியையும் எழுப்புகிறது. விடிந்தபின் விளக்கு எதற்கு?

இதே கேள்வியைக் கிரேக்கர்களும் கேட்டார்கள். பிளேட்டோவின் ‘சிம்போசியம்’ உரையாடலில் தியோதிமா என்ற பெண் சாக்ரடீசுக்குக் காதலின் படிகளைக் கற்பிக்கிறாள். ஓர் அழகிய உடலிலிருந்து எல்லா அழகிய உடல்களுக்கும், அங்கிருந்து உள்ளத்தின் அழகுக்கும், அறிவின் அழகுக்கும், இறுதியில் அழகு என்பதற்கே ஏறிப் போக வேண்டும். மிக உயர்ந்த சிந்தனைதான். ஆனாலும் முதற்படியில் நின்ற அந்த ஒரு மனிதர் என்ன ஆனார்? அவர் மிதித்து ஏறிய படியாகி மறைந்துவிட்டார். காதல் கடவுளிடம் கொண்டுபோவதற்குக் காதலிக்கப்பட்டவர் கீழே விடப்பட வேண்டுமென்றால் அது ஆன்மிகமாகத் தோன்றும் தன்னலம் என்றுதான் நான் நினைக்கிறேன். தைத்திரீய உபநிடதத்தின் பிருகுவல்லி இந்த ஏற்றத்தை வேறு விதமாக முடிக்கிறது. பிரம்மம் எது என்று பிருகு தன் தந்தை வருணனிடம் கேட்கிறான். தவம் செய்து அறிந்துகொள் என்கிறார் தந்தை. உணவே பிரம்மம் என்று முதலில் கண்டுகொள்கிறான். மீண்டும் தவம், உயிர்ப்பு. மீண்டும் தவம், மனம், பிறகு அறிவு, கடைசியில் ஆனந்தம். படிக்கிறவர் இங்கே நூல் முடியும் என்று எதிர்பார்ப்பார். உணவு எப்போதோ தாண்டிய முதற்படி அல்லவா? ஆனால் ஆனந்தத்தைத் தொட்ட மறுகணம் நூல் அடுப்பங்கரைக்குத் திரும்புகிறது. உணவை இகழாதே, உணவைத் தள்ளாதே, உணவைப் பெருக்கு, தங்க வந்தவர் எவரையும் மறுக்காதே என்று விரதங்களாகக் கட்டளையிடுகிறது. அறிந்தவன் கடைசியில் தானே உணவு, தானே உண்பவன் என்று வியந்து பாடுகிறான். உச்சிக்குப் போனவன் உணவை விட்டுவிடவில்லை. அது தன் வயிற்றுக்கு மட்டும் உரியது என்ற எண்ணத்தைத்தான் விட்டிருக்கிறான். சோறும் பாட்டும் அந்த முடிவில் ஒன்றாக இருப்பதையும் கவனிக்க வேண்டும். விடிந்தபின் விளக்கு எதற்கு என்ற கேள்விக்கு இதையே விடையாக எடுத்துக்கொள்கிறேன்.

சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பாடிய பெரியபுராணத்தை இந்தக் கண்ணோடு படித்தால் எத்தனை அடியார்களின் கதை சமையலறையில் நடக்கிறது என்பது தெரியும். இளையான்குடி மாறனார் வறுமையில், மழை கொட்டும் இரவில் வந்த விருந்தாளிக்காக, அன்று பகலில் வயலில் விதைத்த நெல்லையே வாரிக்கொண்டு வருகிறார். அடுப்பெரிக்கக் கூரை வரிச்சை அறுத்துப் போடுகிறார். விதை நெல் என்பது அடுத்த ஆண்டுச் சோறு. அதை எடுப்பது நாளைய ‘நானை’ இன்றைய பிறருக்குக் கொடுப்பது. கண்ணப்பரின் கதை இன்னும் கூர்மையானது. காளத்தி மலையில் வேடன் திண்ணன் பன்றி இறைச்சியை வாயிலிட்டுச் சுவை பார்த்து, நல்லதை மட்டும் இறைவனுக்கு வைக்கிறான். நீரை வாயில் கொண்டுவருகிறான், பூவைத் தலையில் செருகி வருகிறான். ஆகம முறைப்படி பூசை செய்யும் சிவகோசரியார் எலும்பையும் ஊனையும் கண்டு பதறுகிறார். அவர் கனவில் இறைவன் வந்து, அந்த வேடனின் ஒவ்வொரு செயலும் தனக்கு இனியது என்கிறான். சுவை பார்த்தல் என்ற செயலை இங்கே நின்று யோசிக்க வேண்டும். நாக்கு தனக்காகச் சுவைக்கும் உறுப்பு. திண்ணனின் நாக்கு வேறொருவருக்காகச் சுவைக்கிறது. குழந்தைக்குச் சோறு ஊட்டும் தாய் சூடு பார்க்கும்போது நடப்பதும் இதுதான். புலன் அழிக்கப்படவில்லை, அடக்கப்படவுமில்லை. அதன் முகம் திரும்பியிருக்கிறது. ஆறாம் நாள் தன் கண்ணையே பெயர்த்து இறைவனுக்கு வைப்பதற்கு அவனைத் தயார்ப்படுத்தியது அந்த நாக்கின் பயிற்சிதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

கலையைப் பற்றிய தடை வலிமையானது. அதை மிக நேர்மையாக எழுப்பியவர் அகுஸ்தீன். தம் வாழ்க்கை அறிக்கையின் பத்தாம் நூலில் அவர் தேவாலயப் பாடலைப் பற்றித் தடுமாறுகிறார். மனம் மாறிய தொடக்கக் காலத்தில் திருச்சபையின் பாடல்கள் தம்மைக் கண்ணீர் விட வைத்ததை மறக்கவில்லை. ஆனால் பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரல் தம்மை அதிகம் அசைக்கும்போது தாம் பாவம் செய்வதாகவே உணர்கிறார். ஏறக்குறைய பேச்சுப்போலவே சங்கீதங்களைப் படிக்கச் செய்த அலெக்சாந்திரிய ஆயர் அத்தனாசியுவின் வழியே பாதுகாப்பானதோ என்றும் நினைக்கிறார். முடிவில் பாட்டை அனுமதிக்கிறார், அரைமனத்தோடு. இந்தத் தயக்கத்தை நான் ஒதுக்க மாட்டேன். பாட்டில் உருகுவது வேறு, பாட்டால் மாறுவது வேறு என்பது கச்சேரி கேட்கும் எவருக்கும் தெரியும். இமாம் கஸ்ஸாலி தம் பெருநூலில் இசை கேட்டலுக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கி இதற்கு விடை தேடினார். இசை உள்ளத்தில் இல்லாத ஒன்றைக் கொண்டுவந்து வைப்பதில்லை. ஏற்கெனவே இருப்பதைக் கிளறிவிடுகிறது என்பது அவர் நிலை. கடவுள் அன்பு இருந்தால் அதைக் கிளறும், காமம் இருந்தால் காமத்தைக் கிளறும். ஆகவே கலை தன்னாலேயே யாரையும் கடவுளிடம் சேர்ப்பதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதிலிருந்து கலை தேவையில்லை என்ற முடிவு வராது. உள்ளே இருப்பது கிளறப்படாமலே கிடந்தால் மனிதன் தன்னிடம் இருப்பது இன்னதென்றே அறியாமல் போவான். அகுஸ்தீனுக்கே, பாட்டில் கண்ணீர் விட்ட அந்த நாட்கள் இல்லாவிட்டால், எது கூடுதல் எது குறைவு என்று எடைபோடும் இந்த நுட்பம் வந்திருக்குமா?

கலையிலிருந்து கலைஞனின் ‘எனது’ நீங்குவதற்குத் தமிழ்க் கோயில்கள் கண்ட வழிகளில் ஒன்று, பாட்டை அன்றாட வேலையாக்கியது. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட ராசராசன் 48 பேரையும், அவர்களுடன் உடுக்கை வாசிக்க ஒருவரையும் கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவரையும் அமர்த்தினான். ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல் என்று கல்வெட்டு அளக்கிறது. பாட்டுக்கு நெல் அளப்பது பாட்டைத் தாழ்த்துவதாகச் சிலருக்குப் படலாம். எனக்கு அது மதிப்பாகவே படுகிறது. பாடுகிறவருக்கு வயிறு உண்டு என்று அரசு ஒத்துக்கொள்கிறது. கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும், குரல் நன்றாக இருக்கும் நாளிலும் கம்மிய நாளிலும், ஓதுவார் அந்தந்த வேளைக்கு அந்தந்தப் பண்ணைப் பாடியாக வேண்டும். அங்கே கைதட்டல் இல்லை. திருவரங்கத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஆழ்வார்திருநகரியிலும் இன்றும் நடக்கும் அரையர் சேவையிலும் அப்படித்தான். அபிநயம் பிடிப்பவர் தம் புதுமையைக் காட்ட நிற்பதில்லை, தலைமுறை வழியாக வந்ததைக் கைமாற்றுகிறார்.

காதலுக்கு வருவோம். ஆண்டாளைப் படிக்கும் நவீன வாசகர் ஒருவர், நிறைவேறாத உடல் ஆசைதான் இங்கே பக்தி வேடம் போட்டிருக்கிறது என்று சொல்லலாம். பிராய்டுக்குப் பிறகு இப்படிச் சொல்வது மிக எளிதாகிவிட்டது. இதற்கு அஞ்சி, நாச்சியார் திருமொழியில் உடலே இல்லை, எல்லாம் சீவாத்மாவுக்கும் பரமாத்மாவுக்கும் உள்ள உருவகம் என்று அவசரமாக மூடிவிடுபவர்களும் உண்டு. இரண்டு பக்கத்தாரும் ஒரே இடத்தில் தவறுகிறார்கள். உடலின் ஆசை கீழானது, அது கடவுளைத் தொட முடியாது என்று இருவருமே முன்கூட்டி முடிவு செய்துவிட்டார்கள். ஆண்டாள் அப்படி நினைக்கவில்லை. அந்த 143 பாசுரங்களில் கோபம் இருக்கிறது, அவமானம் இருக்கிறது, தன் உடலைப் பற்றிய ஒளிவுமறைவில்லாத பேச்சு இருக்கிறது. ஓர் ஆசை எங்கிருந்து தொடங்கியது என்பதைக் கொண்டு அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. அவள் ஆசை தனக்குள் சுருங்கியதா என்று பார்த்தால் விடை தெளிவு. திருப்பாவையில் அவள் தனியாகப் போவதில்லை. தூங்கும் ஒவ்வொரு பெண்ணையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போகிறாள். 27ஆம் பாசுரத்தில் நோன்பு முடிந்து எல்லோரும் கூடியிருந்து நெய் வழியும் பாற்சோறு உண்ணும் காட்சி வருகிறது. மார்கழியில் அந்தப் பாசுரத்துக்குரிய நாளில் இன்றும் வைணவ வீடுகளில் அக்காரவடிசில் பொங்குகிறார்கள். திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்துகொண்டதாக அவள் பாடியதை, பின்னாளில் இராமானுசர் உண்மையாகவே நிறைவேற்றினார் என்கிறது மரபு. ஒரு பெண்ணின் காதல் பாட்டாகி, பாட்டு நேர்த்திக்கடனாகி, அது ஊருக்குச் சோறாகியிருக்கிறது. திருமங்கையாழ்வாரும் இதே ஆசையைப் பெண் குரலில் எடுத்துப் பேசினார். பெண்ணுக்கு மடலேறும் வழக்கமில்லை என்ற தமிழ் மரபைத் தெரிந்தே மீறி, மடலேறுவேன் என்று மிரட்டும் தலைவியாக இரண்டு மடல்கள் பாடினார். வாளேந்திய ஆண் ஒருவன் தன்னை அப்படி மாற்றிப் பாடியது சின்ன விட்டுக்கொடுப்பு அல்ல.

இனி இந்த மரபின் இருண்ட பக்கம். சிறுத்தொண்டர் கதையை விட்டுவிட்டு இந்தப் பொருளைப் பேசுவது நேர்மையாகாது. பிள்ளைக் கறி கேட்ட வைரவ அடியாருக்குத் தந்தையும் தாயும் தங்கள் ஐந்து வயது மகனையே அரிந்து சமைக்கிறார்கள். இறுதியில் பிள்ளை ஓடிவருவது உண்மைதான். அதனால் என் நெஞ்சு ஆறுவதில்லை. பக்தியின் எல்லையற்ற தன்மைக்கு இது சான்று என்று விளக்குவோருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே. ‘எனது’ கரைவதுதான் வழி என்றால், பிள்ளையின் உயிர் தந்தையுடையது என்று எண்ணிக் கொடுப்பது ‘எனது’ மிகப் பெரிதாக வீங்கிய நிலை. கொடுக்கத் தனக்கு உரிமையுள்ளதைத்தான் ஒருவர் கொடுக்கலாம். கண்ணப்பர் தந்தது தன் கண்ணை. திருமங்கையின் வழிப்பறிக்கும் இதே அளவுகோல்தான். 1008 பேருக்குச் சோறு போடுகிறேன் என்பது பறிக்கப்பட்டவனுக்கு ஆறுதலாகாது. குருபரம்பரைக் கதையில் கடவுள் எந்தப் பக்கம் வந்தார் என்று பாருங்கள். பந்தியில் அமர்ந்து உண்ட அடியாராக வந்திருக்கலாம். அப்படி வரவில்லை. பறிகொடுத்தவனாக வந்தார். தான் போடும் சோற்றில் மட்டுமே கடவுளைக் கண்டு, அந்தச் சோறு யாரிடமிருந்து வந்தது என்று கேட்காதவனுக்கு அந்தக் கதை அங்கேதான் கண்ணைத் திறக்கிறது. பெரிய காணிக்கைகளால் நடக்கும் பெரிய அன்னதானங்களைப் பற்றியும் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது.

இதைவிடக் கடுமையான தடை சாதி. திருநாளைப்போவாரான நந்தனாரைப் பற்றிச் சேக்கிழார் தரும் ஒரு செய்தியை நான் படிக்கும்போதெல்லாம் நின்றுவிடுகிறேன். சிவன் கோயில்களின் முரசுகளுக்குப் போர்க்கும் தோலையும், இழுத்துக் கட்டும் வாரையும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பையும் அவர்தான் கொடுத்துவந்தார். உள்ளே ஒலித்த ஒவ்வொரு ஒலியும் அவர் கை பட்டது. அவர் வெளியே நின்றார். அந்தக் கலை யாரை எந்தக் கடவுளிடம் சேர்த்தது? உள்ளே உருகிக் கேட்டவர்களின் காதில் வெளியே நின்றவர் விழவே இல்லையென்றால், அவர்கள் அனுபவித்தது நல்ல இசை; அதற்குமேல் எதையும் அவர்கள் பெற்றதாக நான் நம்பவில்லை. உணவிலும் இதே கதைதான். இராமானுசர் பிராமணரல்லாத அடியாரான திருக்கச்சி நம்பியைத் தம் வீட்டுக்கு உண்ண அழைத்ததும், அவர் உண்டுபோன பின் மனைவி இலையை எறிந்து இடத்தைக் கழுவித் தலைமுழுகியதும், மிச்சத்தை உண்ண ஆசையோடு வந்த இராமானுசர் நொந்துபோனதும் வைணவர்கள் வெட்கத்தோடு சொல்லிவரும் நிகழ்ச்சி. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டவர்கள் வைத்தியநாத அய்யர் தலைமையில் நுழைய 1939 ஜூலை 8 வரை ஆயிற்று. கோயிலுக்கென்று ஆடிய பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்திலிருந்து விடுவிக்க 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் வேண்டியிருந்தது. அந்தப் பெண்களின் கலையைத் தெய்வீகம் என்று புகழ்ந்தவர்கள் அவர்கள் வாழ்க்கையைப் பற்றிக் கேட்கவில்லை. இத்தனையும் சோறும் பாட்டும் பொய் வழி என்று காட்டுகின்றனவா? வழி அடைக்கப்பட்டது என்று காட்டுகின்றன. அடைத்தவர்கள் கடவுளின் பெயராலேயே அடைத்தார்கள் என்பதுதான் வலிக்கிறது. பாணர் குலத்தில் பிறந்து யாழோடு காவிரிக்கரையில் நின்று பாடிய திருப்பாணாழ்வாரை, கல்லெறிந்து விலக்கிய லோகசாரங்க முனிவரே தோளில் சுமந்து சன்னிதிக்குள் போனார் என்ற மரபுக் கதையில், கோயில் தன் குற்றத்தை எப்போதோ ஒப்புக்கொண்டிருக்கிறது. ஒப்புக்கொண்டும் பல நூற்றாண்டுகள் திருந்தவில்லை.

கடைசியாக ஒரு தடை. பசித்தவனுக்குச் சோறு போடக் கடவுள் எதற்கு? தமிழிலேயே இதற்கு முதற்சான்று மணிமேகலை. ஆடல் மகளிர் குலத்தில் பிறந்தவள், காதலையும் கலையையும் துறந்தவள், அமுதசுரபியை மட்டும் கையில் ஏந்தியவள். யானைத்தீ என்னும் தீராப் பசி பிடித்த காயசண்டிகைக்கும், சிறையில் கிடந்தவர்களுக்கும் சோறிட்டாள். பௌத்தக் காப்பியம் அது; படைத்தவன் ஒருவன் அதற்குத் தேவைப்படவில்லை. இந்தத் தடையை என்னால் உடைக்க முடியாது, உடைக்க வேண்டுமென்றும் தோன்றவில்லை. சோறிடுவதால் கடவுள் உண்டென்று நிரூபணம் ஆவதில்லை. மணிமேகலை நடந்தது இதே பாதைதான். பாதையின் முடிவில் என்ன இருக்கிறது என்பதில் அவளும் நானும் வேறுபடலாம், அதற்காக அவளைத் திருத்த எனக்கு உரிமை இல்லை. வள்ளலார் 1867இல் வடலூரில் சத்திய தருமச் சாலையைத் தொடங்கியபோது இந்தக் கேள்வியை நன்றாக அறிந்தவராகவே தெரிகிறார். அவருடைய சீவகாருணிய ஒழுக்கம் என்ற நூலில், எல்லா உயிரும் ஒரே இறைவனால் ஆனவை என்பதால் ஓர் உயிரின் துன்பத்தைக் கண்டு இன்னோர் உயிர் உருகுவது உடன்பிறந்தார் உரிமை என்று காரணம் சொல்கிறார். அவருக்கு அந்த உருக்கமே வழிபாடு. ஆனால் சோறு உண்ண வருபவரிடம் அந்தக் காரணத்தை அவர் கேட்கச் சொல்லவில்லை. புலால் உண்பதை அவ்வளவு கடுமையாக எதிர்த்தவர், புலால் உண்போரைத் தம் நெறிக்குப் புறத்தார் என்றே ஒதுக்கியவர், அவர்களுக்கும் பசியை மட்டும் நீக்கியே ஆக வேண்டும் என்று விதித்தார். கண்ணப்பரின் ஊனை அவர் ஏற்றிருக்க மாட்டார். ஆனால் பசித்து வந்த கண்ணப்பருக்கு அங்கே இலை போட்டிருப்பார்கள். சாதி, சமயம், தேசம் கேட்காமல் இலை போடுகிற இடத்தில் கடவுளைப் பற்றிய கேள்வி உண்பவரிடமிருந்து நீங்கிப் பரிமாறுகிறவரிடம் மட்டும் மிஞ்சுகிறது. உண்டவர் நம்பிக்கையில்லாமலே எழுந்து போகலாம், அவருக்கு அதில் ஒரு குறையும் இல்லை. கரண்டி பிடித்தவர்தான், ஊற்றும் சாம்பாரில் தன் பெயரும் தன் புண்ணியமும் இன்னும் எவ்வளவு மிதக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.